தேயிலைத் தொழிற்சாலையும் மோட்டார்த் தொழிலும்: மலையகப் பொருளாதார வரலாற்றில் ஒரு வினா

வளர்முக நாடுகளின் கைத்தொழில் வளர்ச்சியை மதிப்பிட முற்படுவோர் மோட்டார் வாகன உற்பத்தியை ஓர் அளவுகோலாகக் கொள்வது வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. ஒரு மோட்டார் வாகனத்திலே உருக்கு, வார்ப்பிரும்பு, இறப்பர், கண்ணாடி, மின்கருவி, வர்ணம் ஆகிய பல தொழில்களின் விளைபொருள்கள் ஒன்றுசேர்கின்றன. அதைச் செய்யவல்ல நாடு இத்தொழில்களையெல்லாம் ஓரளவேனும் கைவசப்படுத்திய நாடாகும். இந்தியாவும் பிரேசிலும் தென்கொரியாவும் கடந்த நூற்றாண்டில் இவ்வழியிற் சென்றன. இலங்கை செல்லவில்லை. சந்தை சிறிது, இரும்புத் தொழில் இல்லை என்பன இதற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணங்கள். இவை பொய்யல்ல. ஆயினும், இவற்றோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகிறதா என்பதே நம்முன் உள்ள வினா. அட்டன், நுவரெலியா மலைகளில் நின்று நோக்கும்போது இவ்வினா வேறொரு வடிவம் பெறுகிறது. இலங்கையிலே மிக முற்பட்ட காலத்தில், மிக அதிக அளவில் இயந்திரம் குவிந்த இடங்களுள் மலையகமும் ஒன்று. நூறாண்டுகளுக்கு மேலாக இயந்திரம் ஓடிய மண்ணில் இயந்திரம் செய்யும் தொழில் ஏன் வேரூன்றவில்லை?

1. மலைக்கு வந்த இயந்திரம்

1854ஆம் ஆண்டு மலையகப் பொருளாதார வரலாற்றில் இருவகையில் முக்கியமானது. அவ்வாண்டிலேதான் கோப்பித் தோட்டத் துரைமாரின் சங்கம் கண்டியில் அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் ஜோன் வோக்கர் கண்டியிலே தமது பொறியியல் நிலையத்தைத் தொடங்கினார். கோப்பிப் பழத்தின் மேற்சதையை நீக்கும் இயந்திரங்களே அந்நிலையத்தின் தொடக்ககால முதன்மை வேலை. தோட்டமும் பட்டறையும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தன எனலாம்.

1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரிற் பயிரிட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இம்மாற்றம் வெறும் பயிர்மாற்றம் அன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. கோப்பியின் இறுதிப் பதப்படுத்தலைக் கொழும்பிலே செய்துகொள்ள முடிந்தது. தேயிலைக் கொழுந்தோ பறித்தபின் காத்திருப்பதில்லை. வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவைத்தல், உலர்த்துதல், சலித்தல் ஆகிய கருமங்கள் ஏறத்தாழ ஒரு நாளுக்குள், கொழுந்து பறித்த மலைக்கு அண்மையிலேயே நிறைவேற வேண்டும். எனவே தோட்டந்தோறும், அல்லது சில தோட்டங்களுக்கு ஒன்றாக, தொழிற்சாலை தேவைப்பட்டது. வயலும் ஆலையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் அமைந்த இவ்வமைப்பே பெருந்தோட்டத்தை மற்றெல்லா வேளாண்மையிலிருந்தும் வேறுபடுத்திற்று.

இவ்வாலைகளுக்குரிய இயந்திரங்கள் எங்கிருந்து வந்தன? வில்லியம் ஜாக்சன் வடிவமைத்த உருட்டு இயந்திரங்களை இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோ நகரிலிருந்த மார்ஷல் கம்பனி செய்தது. அசாமியத் தேயிலைப் பகுதியில் அனுபவம் பெற்ற சாமுவேல் டேவிட்சன், 1881இல் பெல்பாஸ்ட் நகரில் நிறுவிய சிரொக்கோ ஆலை உலர்த்து இயந்திரங்களை அனுப்பியது. புகையிரதப் பாதை 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தபின், பாரமான இரும்புப் பாகங்களை மலைமேற் கொண்டுசெல்வது எளிதாயிற்று. அவற்றைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் உள்ளூரில் ஆட்கள் வேண்டியிருந்தனர். கண்டியில் வோக்கர் இருந்தார். 1875இல் ஜேம்ஸ் பிரவுன் அட்டனில் ஒரு பொறியியல் நிலையத்தைத் தொடங்கினார். 1876இல் கொழும்புக் கமர்ஷல் கம்பனி தோன்றியது.

ஆகவே, முதலாவது மோட்டார் வாகனம் இத்தீவின் துறைமுகத்தில் இறங்குவதற்குப் பலவாண்டுகளுக்கு முன்னரே, நீர்ச்சக்கரமும் சுழல்தண்டும் பட்டியும் கப்பியும் மலையகத்தின் அன்றாடப் பொருள்களாகியிருந்தன. தொழிலாளர் இவ்வுலகைத் தமது மொழியிலும் வழிபாட்டிலும் ஏற்றனர். சுழலும் சக்கரத்துக்கு அவர்கள் வழங்கிய பெயர் 'ரோதை'. போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த அச்சொல்லோடு முனியைச் சேர்த்து, ஆலைக்குக் காவற் தெய்வமாக 'ரோதைமுனி'யையும் நிலைநாட்டினர். வயலுக்கும் கிணற்றுக்கும் எல்லைக்கும் தெய்வம் கண்ட ஒரு கிராமிய மரபு, இயந்திரத்துக்கும் தெய்வம் கண்டது. இதனை மூடநம்பிக்கை என ஒதுக்குவது எளிது. ஆனால் கையை இழுத்துக்கொள்ளும் பட்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நாளெல்லாம் நின்றவரின் அனுபவம் இதிலே பதிவாகியுள்ளது. அவ்வியந்திரத்தை இயக்கவும் துடைக்கவும் அதற்குப் பூசை செய்யவும் தொழிலாளிக்கு இடமிருந்தது. அதன் வரைபடத்தை வாசிக்க இடமிருக்கவில்லை.

2. பட்டறை முகவர் நிலையமாகிய கதை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி மலைக்கு வந்தது. மாட்டுவண்டியின் இடத்தை மெல்ல மெல்ல லொறி பிடித்தது. துரைமாரின் குதிரை காருக்கு இடங்கொடுத்தது. 1934இல் நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் தொடங்கியது. கார் இங்கே உற்பத்திப் பொருளாகத் தோன்றுவதற்கு முன்பே, துரைமாரின் விளையாட்டுப் பொருளாகத் தோன்றிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பொறியியல் நிலையங்கள் இம்மாற்றத்தை எவ்வாறு எதிர்கொண்டன? வாகனத்தைச் செய்ய முனைவதிலும் பார்க்க, இறக்குமதி செய்து விற்பதே இலாபம் தந்தது. பட்டறையின் பக்கத்திற் காட்சியறை எழுந்தது. காலப்போக்கில் பட்டறை காட்சியறையின் துணைக்கூடமாயிற்று. இதனைத் தனிப்பட்ட முதலாளிமாரின் துணிவின்மையாகக் கொள்வது பொருந்தாது. அதற்கு மூன்று அடிப்படைக் காரணங்கள் இருந்தன.

முதலாவது, உபரியின் போக்கு. தோட்டங்களின் உரிமை பெரும்பாலும் இலண்டனிற் பதிவாகிய கம்பனிகளிடமும், நிர்வாகம் கொழும்பு முகவர் நிலையங்களிடமும் இருந்தன. தேயிலை விற்ற பணம் பங்கிலாபமாகவும் தரகுப்பணமாகவும் கப்பற்கூலியாகவும் வெளியேறியது. முகவர் நிலையம் தேயிலையை விற்றது. தோட்டத்துக்கு வேண்டிய இயந்திரத்தையும் உரத்தையும் அரிசியையும் வாங்கிக்கொடுத்தது. வாங்கலிலும் விற்றலிலும் தரகு பெற்ற ஒரு நிறுவனத்துக்கு, உள்ளூரிலே இயந்திரம் செய்வதனால் இழப்பேயன்றி ஆதாயம் இல்லை. எஸ். பி. டி. டி சில்வா 1982இல் வெளிவந்த தமது நூலில், வர்த்தக மூலதனத்தின் மேலாதிக்கமே தோட்டத்துறையின் தொழில்நுட்பத் தேக்கத்துக்குக் காரணம் என வாதிட்டமை இங்கு நினைவுகூரத்தக்கது.

இரண்டாவது, கூலி. இலட்சக்கணக்கான மக்கள் வாழ்ந்த ஒரு பிரதேசம் சாதாரண நிலைமையில் ஒரு பெரும் சந்தையாக வேண்டும். லயத்தில் வாழ்ந்த தொழிலாளியின் கூலியோ, கங்காணியின் கடன் கணக்கும் தோட்டத்தின் அரிசிக் கணக்கும் போக எஞ்சியதாகும். சைக்கிளையே கனவாகக் கண்டவர் மோட்டார்த் தொழிலுக்குச் சந்தையாக முடியாது. மேலும், கூலி மலிந்த இடத்தில் உழைப்பை மிச்சப்படுத்தும் புதிய இயந்திரத்தைத் தேடவேண்டிய அவசியமும் முதலாளிக்கு எழுவதில்லை. ஆலையில் இயந்திரம் புகுந்தது; ஆனால் மலைச்சரிவில் நூறாண்டுக்கு முன் பெண்கள் சுமந்த கூடை இன்றும் பெருமளவில் அவர்களின் முதுகிலேயே உள்ளது.

மூன்றாவது, கல்வி. தோட்டப் பாடசாலை பொதுவாக ஐந்தாம் வகுப்போடு நின்றது. தோட்டப் பிள்ளைக்கு எழுத்தறிவே அதிகம் எனக் கருதிய காலம் அது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1970களிலேதான் முழுவேகம் பெற்றது. ஆலையில் டீமேக்கர், அலுவலகத்தில் கிளாக்கர், மலையிற் கணக்கப்பிள்ளை என அமைந்த அதிகார அடுக்கிலே, இயந்திரத்தின் இயல்பைத் தன் கையாலறிந்த தொழிலாளி தொழில்நுட்பவியலாளனாக மேலேறுவதற்குப் படியே வைக்கப்படவில்லை.

நீர்மின்சக்தியின் வரலாறும் இதையே கூறுகிறது. டி. ஜே. விமலசுரேந்திர 1912இல் நுவரெலியாவுக்கருகே பிளாக்பூலில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்தார். 1918இல் இலங்கைப் பொறியியலாளர் கழகத்தின் முன் படித்த கட்டுரையிலே, மலையக ஆறுகளின் வலுவைக் கைத்தொழிலுக்குப் பயன்படுத்தும் திட்டத்தை முன்வைத்தார். 1924இல் தொடங்கிய இலக்சபானத் திட்டம் 1950இலேதான் நிறைவெய்தியது. 1960களில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. பழைய மஸ்கெலியா நகர் நீரில் மூழ்கியது. மின்கம்பிகள் தோட்டங்களுக்கு மேலாகக் கொழும்பை நோக்கிச் சென்றன. அவற்றின் கீழிருந்த லயங்களிற் பல தசாப்தங்களாகக் குப்பிவிளக்கே எரிந்தது.

3. சென்னையும் சாவோ பாவுலோவும்

ஒப்பீடு இல்லாத வரலாறு விதியைப் போலத் தோன்றும். ஆகவே இரு ஒப்பீடுகளை முன்வைப்போம்.

சென்னையில் 1840இல் வண்டி கட்டும் நிலையமாகத் தொடங்கியது சிம்சன் கம்பனி. கண்டியின் வோக்கர், அட்டனின் பிரவுன் ஆகியோரின் நிலையங்களைப் போலவே அதுவும் குடியேற்றநாட்டு ஆட்சியாளரின் தேவைக்காக எழுந்த ஒரு பிரித்தானியப் பட்டறை. பின்னர் எஸ். அனந்தராமகிருஷ்ணனின் தலைமையில் அது இந்தியர் கைக்கு மாறியது. அக்குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இல் தொடங்கியது. 1950களிற் சிம்சன் டீசல் எஞ்சின்களைச் செய்தது. 1960இல் உழவு இயந்திரம் செய்யும் டாஃபே உருவாகியது. எண்ணூரில் 1948இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ், முதலில் ஆங்கிலேய ஒஸ்ரின் கார்களைப் பொருத்தியது. 1955இல் அசோக் லேலண்டாகிப் பாரவண்டிகளையும் பஸ் வண்டிகளையும் உற்பத்தி செய்தது.

இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது? 1953இல் இந்திய அரசு, உற்பத்தித் திட்டம் உடைய கம்பனிகளுக்கே வாகனத் தொழிலில் இடம் என்ற கொள்கையை ஏற்றது. பம்பாயில் 1928 முதல் கார்களைப் பொருத்திவந்த ஜெனரல் மோட்டார்ஸ் வெளியேறியது. போர்ட் கம்பனியும் வெளியேறியது. பாகங்களைப் படிப்படியாக உள்ளூரிலேயே செய்யவேண்டும் என்ற கட்டாயமே பிஸ்டனுக்கும் ஸ்பிரிங்குக்கும் பற்றரிக்கும் தனித்தனி ஆலைகளைத் தோற்றுவித்தது. அக்கொள்கை தேக்கத்தையும் தந்தது என்பதை மறைப்பதற்கில்லை. வாங்குவோர் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர், வடிவங்கள் மாறவில்லை, அம்பாசிடர் கார் 2014 வரை ஏறத்தாழ அதே உருவில் வந்தது. ஆயினும் அந்தத் தேக்க காலத்தில் உருவாகிய பாகத்தொழிலும் தொழில்நுட்பத் தொழிலாளரும் இருந்தமையாலேயே, 1990களில் ஹியூண்டாய் போன்ற பிறநாட்டுக் கம்பனிகள் சென்னையைச் சூழ ஆலை அமைக்க முன்வந்தன.

இரண்டாவது ஒப்பீடு பிரேசில். இலங்கைக் கோப்பியின் வீழ்ச்சிக்காலத்தில் உலகச் சந்தையை நிரப்பியது பிரேசிற் கோப்பி. அங்கும் பெருந்தோட்டமே, அங்கும் பிறநாட்டிலிருந்து வந்த தொழிலாளரே. ஆனால் சாவோ பாவுலோவின் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் உள்நாட்டு நிலவுடைமையாளரின் கையில் இருந்தன. உபரியின் ஒரு பகுதி அங்கேயே புகையிரதப் பாதையாகவும் வங்கியாகவும் நெசவாலையாகவும் மாறியது. இத்தாலியிலிருந்து வந்த தொழிலாளரிற் பலர் நகரங்களுக்குச் சென்று கைவினைஞராகவும் ஆலைத் தொழிலாளராகவும், சிலர் முதலாளிகளாகவும் ஆயினர். 1956இல் குபிச்செக் அரசு மோட்டார்த் தொழிலுக்கான தனிச்செயற்குழுவை அமைத்தபோது, அதைத் தாங்கவல்ல நகரொன்று அங்கே ஏற்கெனவே இருந்தது. எனவே பெருந்தோட்டப் பயிர் தன்னளவில் கைத்தொழிலுக்குப் பகையன்று. உபரி யாரிடம் சேர்கிறது, தொழிலாளி எங்கு செல்ல அனுமதிக்கப்படுகிறான் என்பவையே முடிவைத் தீர்மானிக்கின்றன.

4. சுதந்திரத்தின் பின்

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் பெரும்பகுதியினரை நாடற்றவராக்கியது. இதனை அரசியல் அநீதியாகவே நாம் பெரிதும் பேசி வந்துள்ளோம். அதன் கைத்தொழில் விளைவு போதிய கவனம் பெறவில்லை. 1960களில் அரசு இறக்குமதிப் பதிலீட்டுக் கொள்கையைக் கைக்கொண்டது. சோவியத் உதவியுடன் ஒருவலையில் உருக்காலையும் களனியில் டயர் ஆலையும் எழுந்தன. அக்காலத்தில் ஏற்றுமதி வருவாயின் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கைத் தேயிலையே ஈட்டியது. அதாவது, புதிய ஆலைகளின் இயந்திரங்களை வாங்கிய அந்நியச் செலாவணியின் பெரும்பகுதி தோட்டத் தொழிலாளியின் உழைப்பிலிருந்து வந்தது. ஆனால் கூட்டுத்தாபன வேலை பிரசைகளுக்குரியது. ஆலைக்குப் பணம் ஈட்டிக்கொடுத்தவனின் பிள்ளைக்கு அந்த ஆலையின் வாயில் திறக்கவில்லை.

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இன் உடன்பாடு சரிபாதியாக்கியது. 1971இல் 11,74,606 ஆக இருந்த இந்திய வம்சாவளித் தமிழரின் தொகை, 1981இன் குடிசன மதிப்பீட்டில் 8,18,656 ஆகக் குறைந்தது. தாயகம் திரும்பியோர் எனப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை வழங்கும்பொருட்டுத் தமிழக அரசு 1968இல் நீலகிரியிலே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. நோக்கம் நல்லதே. எனினும் எண்ணூரும் திருவொற்றியூரும் வாகனத் தொழிலில் வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், கடல்கடந்து மீண்டவருக்கு மறுபடியும் கொழுந்துக் கூடையே கிடைத்தது என்பதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

இலங்கையில் வாகனத் தொழில் அறவே முயலப்படவில்லை என்பதும் உண்மையன்று. 1970களில் உபாலி விஜேவர்தனவின் நிறுவனம் ஃபியட், மஸ்டா கார்களைப் பொருத்தி விற்றது. 1977இல் இறக்குமதி தளர்ந்தபின் முழுமையாகச் செய்யப்பட்ட வாகனங்கள் பெருகின. பொருத்தல் தொழிலுக்கு முன்னிருந்த ஊக்கம் குன்றியது. 1982இல் லங்கா அசோக் லேலண்ட் தொடங்கப்பட்டு ஹோமாகமப் பகுதியின் பனாகொடையில் நிலைகொண்டது. எண்ணூரிலிருந்து அடிச்சட்டம் வந்தது; உடல் இங்கே கட்டப்பட்டது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு மலையக மக்களை ஏற்றிச் சென்ற கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலமும் அதுவே. ஒரு கடலில் ஒரு பக்கம் மனிதர் சென்றனர். மறுபக்கம் இயந்திரம் வந்தது.

இன்னுமொன்று. சிம்சன் குழுமத்தின் டாஃபே உழவு இயந்திரங்களை இலங்கையில் விற்று வந்த நிறுவனம் எது? 1875இல் அட்டனிலே பட்டறையாகத் தொடங்கிய அதே பிரவுன் கம்பனிதான். ஒத்த பிறப்புடைய இரு பட்டறைகளுள் ஒன்று செய்வோனாகவும் மற்றது விற்போனாகவும் முடிந்த வரலாறு இதனிலும் சுருக்கமாகக் கூறப்பட முடியாது.

5. ஒரு மறுப்பும் நமது முடிவும்

இவ்விடத்து ஒரு மறுப்பு எழக்கூடும். சில கோடி மக்களே கொண்ட தீவு முழுக் காரைச் செய்யவேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமா? வாகன உற்பத்தி பேரளவிலேதான் இலாபம் தரும். சிறு நாடு தனக்குரிய பாகத்தைத் தேர்ந்து அதிற் சிறப்பதே அறிவு. இம்மறுப்பை நாம் ஏற்கிறோம். இறப்பரை மூலப்பொருளாகக் கொண்டு எழுந்த திண்ம டயர் உற்பத்தியில் இலங்கை இன்று உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று. இறப்பர்ப் பாலையே ஏற்றுமதி செய்த நாடு அதிலிருந்து பொருள் செய்ய முடிந்தது என்பது இவ்வாதத்துக்கு வலுவூட்டுகிறது.

ஆனால் இதே நியாயம் நமது வினாவைக் கூர்மையாக்குகிறது. காரை விட்டுவிடுவோம், தேயிலை இயந்திரம்? உலகத் தேயிலை வர்த்தகத்தில் நெடுங்காலம் முன்னின்ற நாடு, அதற்கான இயந்திரத்தை வடிவமைத்து உலகுக்கு அளிக்கும் நாடாகவேனும் ஆகியிருக்க வேண்டாமா? உள்ளூர்ப் பட்டறைகள் உருட்டு இயந்திரங்களைச் செய்தன, பழுதுபார்த்தன. ஆயினும் அத்திறன் வேறு இயந்திரங்களுக்குப் பரவி ஒரு தொழிலாக விரியவில்லை. சந்தை சிறிது என்ற காரணம் இங்கே செல்லாது. உபரி வெளியேறியமையும், தொழிலாளிக்குக் கல்வியும் நடமாட்டமும் குடியுரிமையும் மறுக்கப்பட்டமையுமே செல்லும்.

இது பழங்கதையன்று. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரிலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்தவியலாது எனக் கூறியது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. கொழுந்தை விற்றுக் கார் வாங்கும் பொருளாதாரத்தின் எல்லை எது என்பதை இவ்வைந்தாண்டுகள் அனைவருக்கும் உணர்த்தின. இக்காலத்துள்தான், 2021இல், தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாகியது. அதுவும் நீண்ட போராட்டத்தின் பின்.

இன்று அட்டன் சந்தியிலும் தலவாக்கலையிலும் வரிசையாக நிற்கும் முச்சக்கர வண்டிகளின் சாரதிகளிற் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். வண்டி இந்தியாவில் செய்யப்பட்டது. அதனைக் கழற்றிப் பூட்டும் வித்தையை அவர்கள் எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் கற்கவில்லை. கராஜில் அண்ணன்மாரின் கையைப் பார்த்துக் கற்றனர். ரோதையின் அருகில் நின்ற பாட்டனுக்கும் இவர்களுக்கும் இடையில் உள்ள தொடர்ச்சி இதுவே. திறன் இருந்தது, இருக்கிறது. அதனை அறிவாகவும், அறிவைத் தொழிலாகவும் மாற்றும் நிறுவனங்களே இல்லாதிருந்தன.

எனவே இரண்டு பணிகள் நம்முன் உள்ளன. ஒன்று ஆய்வுப் பணி. மலையக வரலாறு கூலியின் வரலாறாகவும் குடியுரிமையின் வரலாறாகவும் எழுதப்பட்டுள்ளது. இயந்திரத்தின் வரலாறாக இன்னும் எழுதப்படவில்லை. பழைய ஆலைகள் விடுதிகளாகவும் வெறுங் கூடுகளாகவும் மாறுமுன், அவற்றின் குறிப்பேடுகளையும், ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளரின் வாய்மொழியையும் திரட்டுதல் வேண்டும். மற்றது சமூகப் பணி. தோட்டப் பிரதேசத்திலே தமிழ்மொழி மூலம் உயர்தரத் தொழில்நுட்பக் கல்வி கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கை, சம்பளக் கோரிக்கைக்கு அடுத்தபடியாக வைக்கப்பட வேண்டியதன்று. அதனோடு ஒருங்கே வைக்கப்பட வேண்டியது. ரோதைமுனிக்குப் படையல் வைத்த கைகளிடம் ரோதையின் வரைபடத்தையும் ஒப்படைக்கும் நாளிலேதான், இவ்வினாவுக்கு வரலாறு வேறொரு விடையை எழுதத் தொடங்கும்.